ஆறு மணிப் பெரட்டு

ஒரு முழு ஹொஸ்டலையும் அதிகாலையில் எழுப்பி, வாயாரத் திட்டு வாங்கி, அதற்காகப் பெருமையும் பட்டுக்கொண்டவன் ஊவா மாகாணத்திலேயே எங்கள் 'பெரட்டு' ஒருவன்தான். அவனுடைய அம்மா வைத்த பெயர் வார்டனுக்கு மட்டும்தான் தெரியும்.

பதுளை கெம்பஸில் அப்போது முதலாம் வருடம். ஹொஸ்டல் இன்னும் கிடைக்கவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து கொட்டும் மழையில் முதல் பஸ் பிடித்து வந்தவனுக்கு, அன்று லெக்சரே இல்லை. அறிவித்தல் வேறொரு கட்டடத்தில் ஒட்டியிருந்தது. அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததில் அம்மாவும் வேலைக்குப் பிந்தி, அரைநாள் கூலியும் போயிருந்தது.

"இனிமே சேதி தெரியாம ஒருத்தனுக்கும் ஒரு நாள் வீணாப் போகக் கூடாதுடா" என்றான்.

கண் சிவக்க உட்கார்ந்து ஒரு செயலி செய்தான். லெக்சர் நேரம், கென்டீன் சாப்பாடு, பசறை பஸ், குழாயில் தண்ணீர் வருமா வராதா, எல்லாம் ஒரே இடத்தில். நல்ல விஷயம்தான். ஆனால் செய்தவன் தோட்டத்துப் பிள்ளையாயிற்றே! தோட்டத்தில் காலையில் தப்பு மேளம் அடித்ததும் ஆட்கள் கூடி, அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்வதுதான் பெரட்டு. பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. அதை அப்படியே செயலியில் ஏற்றிவிட்டான். ஆறு மணிக்குப் போனில் தப்புச் சத்தம் அதிரும். எழுந்து பேர் கொடுக்க வேண்டும்; கொடுத்த பேர் எல்லோர் போனிலும் விழும். பிந்தினால் பாதித் தகவல்தான்.

"டேய், லெக்சர் ஒன்பதுக்குன்னு இருக்கு. எந்த ஹோல்னு இல்லையே!"

"லேட்டாத்தானே பேர் குடுத்த? அரைப்பேர்."

"அப்ப நான் எங்கடா போய் உக்கார்றது?"

"நாளைக்கு வெள்ளனா எந்திரி."

ஒரு விரிவுரையாளரும் மாட்டிக்கொண்டார். நேரம் தெரிந்து, இடம் தெரியாமல், தன் வகுப்பையே தேடிக் கட்டடம் கட்டடமாக அலைந்தார். தண்ணீர் வரும் நேரம் வேறெங்கும் கிடைக்காததால் செயலியை அழிக்கவும் எங்களுக்கு மனம் வரவில்லை.

தினமும் முதலில் பேர் கொடுப்பது அவனுடைய அம்மா. கெம்பஸுக்கும் அவருக்கும் என்னடா சம்பந்தம் என்றால், "ஆளே வராம பெரட்டு ஆரம்பிக்கலாமா? அம்மாதான் மொத ஆளு" என்பான்.

பிறகு அந்தக் கார்த்திகை மழை. கெம்பஸை மூடினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மலைகள் சரியத் தொடங்கின. ரோடு இல்லை, கரண்ட் இல்லை. கொஸ்லந்தையில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மேட்டில் மட்டும் கொஞ்சம் சிக்னல் இருந்தது. அங்கே நின்றபோது, ஆறு மணிக்குத் தப்புச் சத்தம் வந்தது. திட்டித் தீர்த்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகப் பேர் கொடுத்தார்கள். ஒவ்வொரு பேர் விழும்போதும் எனக்கு மூச்சு வந்தது. அம்மாவின் பேர் விழவில்லை. அவன் பேரும் விழவில்லை.

பொழுது சாயும்போது அவன் பேர் வந்தது. பக்கத்தில் 'அரைப்பேர்' என்றிருந்தது. உடனே கூப்பிட்டேன்.

"எங்கடா இருக்க?"

"பள்ளிக்கூடத்துல. லயம் மண்ணுக்குள்ள போயிருச்சு."

"அம்மா?"



"அம்மாவுக்கு இனிமே பேர் இல்லடா."

"ஒனக்காவது முழுப்பேர் போட்டிருக்கலாமேடா" என்று உளறினேன்.

"பிந்தி வந்தா அரைப்பேர்தான்டா. எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்றவன் அழுதுவிட்டான்.

இப்போது எனக்குப் பண்டாரவளையில் வேலை. கெம்பஸ் கென்டீனில் என்ன கறி என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் ஆறு மணிக்குத் தப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து பேர் கொடுத்துவிடுகிறேன். ஒரு நாள் என் பேர் விழாவிட்டால் அவன் பயந்துபோவான்.