ராகுகால மாமாவின் பிரஷர் மிஷின்

ராகு காலத்துக்கு எங்கள் எதிர்வீட்டு மாமாவைப்போல மரியாதை கொடுத்தவர் சிவகங்கைச் சீமையிலேயே கிடையாது. தெருவில் அவருக்குப் பேரே ராகுகால மாமா. அந்த ஒன்றரை மணி நேரத்தில் புதுச் செருப்பைப் போட மாட்டார், டிராக்டரைக் கிளப்ப மாட்டார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களையே காரில் உட்காரவைத்து, நேரம் கழிந்த பிறகுதான் "வாங்க, வாங்க" என்றார். சம்பந்தம் எப்படியோ கூடிவிட்டது.

மாமாவின் மனைவி, எங்களுக்கெல்லாம் அத்தை. அவருக்கு ரத்தக்கொதிப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கண்டாலே எகிறிவிடும். வீட்டிலேயே காலை எட்டு மணிக்கும் சாயங்காலமும் பார்த்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யணும் என்று சொல்லி, டாக்டர் ஒரு மிஷினைக் கொடுத்தனுப்பினார். நல்ல நேரம் பார்த்துத்தான் மாமா அதைப் பிரித்தார். அத்தை நாற்காலியில் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, அஞ்சு நிமிஷம் வாய் திறக்கக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து மாமா ஏங்கிய அஞ்சு நிமிஷம் அது என்பது தெருவின் அபிப்பிராயம். மிக்ஸி ஓடக்கூடாது. மீன்காரர் கூவினால் மாமா வாசலுக்கு ஓடிவந்து வாயில் விரல் வைப்பார்.

திங்கட்கிழமை காலை மட்டும் மிஷினுக்கு லீவு. ஏழரை முதல் ஒன்பது ராகு காலம் ஆயிற்றே! அந்த நேரத்தில் பார்த்தால் கெட்ட நம்பர்தான் வரும் என்று மாமா விளக்கம் சொன்னதும், நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்படியொரு திங்கட்கிழமை, மணி எட்டு. பேப்பர் வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது என்றார். மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒம்போது மணிக்கு மேல பாத்துக்கிருவோம், இருங்க" என்றார் அத்தையே.

"ராகு காலம் கெடக்கு. நீ கைய நீட்டு."

இருநூறைத் தாண்டிக் காட்டியது. மறுபடி பார்த்தார், அதேதான். நர்ஸுக்குப் போன் போட்டால், உடனே கூட்டி வாருங்கள் என்றார். என் காரில் ஏற்றினோம். தெருமுனையில் ஒரு பூனை குறுக்கே போனது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது.

"அதுக்கு என்ன சோலியோ. நீ வண்டிய விடு மாப்ள" என்றார் மாமா.

சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னபோது, ஏதோ நானே பிரஷர் பார்த்த மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அத்தை இப்போது நலம். மற்ற காரியங்களுக்கு மாமா இன்னும் ராகு காலம் பார்க்கிறார், மிஷினுக்கு மட்டும் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவ இல்லாட்டி எனக்கு நாள் பூராம் ராகு காலந்தேன் மாப்ள."

வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போது இப்போதெல்லாம் நான் என் பேரைச் சொல்வதில்லை. ராகுகால மாமா வீட்டுக்கு எதிர்வீடு என்கிறேன்.