ஆல்ப்ஸ் அண்ணாச்சியும் ஒரு முழுத் தேங்காயும்

பனியைக் கண்ணால் பார்க்காமலே பனியினால் ஜலதோஷம் பிடித்துக்கொண்ட மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் ஆல்ப்ஸ் அண்ணாச்சி. ரங்கூனில் சித்திரை வெயில் ரோட்டை வறுத்துக்கொண்டிருக்கும். அண்ணாச்சி கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு, சுவரில் தொங்கும் ஜனவரி மாதப் படத்தின் முன்னால் நின்று 'அச்' என்று தும்முவார். "ராத்திரி நல்லாக் கொட்டியிருக்கு போலயே" என்று மூக்கைத் துடைத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கிறவன் விசிறியால் விசிறிக்கொண்டிருப்பான்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் வேலை பார்த்த கம்பெனிக்குத் தெரிந்திருக்கலாம். ரங்கூனின் போட்டாதாங் பேட்டையில் நாங்கள் பிரம்மச்சாரிகள் சேர்ந்து நடத்திய மெஸ்ஸில் யாருக்கும் தெரியாது. ஆற்றங்கரையில் டின்பால் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் அவர் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். பால் வருவது சுவிட்சர்லாந்திலிருந்து. கம்பெனி வருஷா வருஷம் ஒரு காலண்டர் கொடுக்கும், மாதத்துக்கு ஒரு வர்ணப் படம். பனி மூடிய சிகரம், சரிவில் மரவீடு, கழுத்தில் மணி கட்டிய மாடு. மற்ற குமாஸ்தாக்கள் வருஷம் முடிந்ததும் அதைக் கிழித்து அலமாரித் தட்டில் விரிப்பார்கள். அண்ணாச்சி ஒவ்வொரு தாளையும் ஆணி அடித்து மெஸ் கூடத்தில் மாட்டிவிடுவார். நான் போய்ச் சேர்ந்த சமயம் நாலு சுவரும் நிரம்பி, ஆல்ப்ஸ் மலை சமையல்கட்டுக்குள் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது.

மெஸ் இருந்தது மூன்றாவது மாடியில். முதல் நாள் நான் பெட்டியும் கையுமாகப் படியேறியபோது, பாதி வழியில் மப்ளர் கட்டிய ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"நில்லும்வே. மூச்சு வாங்கிக்கிடும். மேல காத்து கொறச்சல்."

நான் பயந்துபோய் நின்றேன். "இன்னும் எவ்வளவு உயரம் இருக்கு, சார்?"

"ஏறப்போற ஆளு அதக் கேக்கப்படாது" என்றார்.

மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் அவருக்குக் கொண்டாட்டம். கிட்டங்கிக் கயிற்றால் எங்களை இடுப்போடு இடுப்பாகப் பிணைத்து, தான் முன்னால் நின்று விசிலடித்து, எதிர்ச்சாரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு தடவை ஒரு போலீஸ்காரர் எங்களை ஜெயில் கைதிகள் என்றே நினைத்து, அண்ணாச்சிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அண்ணாச்சியும் பதிலுக்கு அடித்தார். கிட்டங்கியிலும் இதே கூத்துதான். பால்பெட்டி அடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிகரத்தின் பெயர். கூலியாட்கள் அடுக்கின் மேல் ஏறும்போதெல்லாம் கீழே நின்று "வலது கால வை! பாறை இளகும், பாத்து!" என்று தொண்டை கிழியக் கத்துவார்.

இப்படிப்பட்டவருக்கு வில்லன் ஒருவர் வேண்டாமா? மெஸ்ஸின் செக்ரட்டரி சுந்தரம் இருந்தார். மதுரைக்காரர். கறிவேப்பிலை வாங்குவதற்கும் தீர்மானம் நிறைவேற்றுகிறவர். அவருக்குக் கூடத்துச் சுவரை வெள்ளையடித்து, ஓர் ஆளுயரக் கண்ணாடி மாட்ட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. ஒரு மாதாந்தரக் கூட்டத்தில் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, நீங்க மலையைப் பார்த்திருக்கீங்களா?"

"தெனமும் பாக்கேன்லா."

"படத்துல இல்லை. கால்ல மிதிச்சு, ஏறி?"

அண்ணாச்சி மப்ளரை இறுக்கிக்கொண்டார். உடனே தீர்மானம் தயாராகிவிட்டது. பர்மியரின் விளக்குத் திருவிழா லீவில் அண்ணாச்சி எங்களை க்யைக்தியோ மலைக்கு வழிகாட்டிக் கூட்டிப்போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் உச்சியில் இருக்கிற பொன்பாறைக்கு அவரும் வந்து சேர வேண்டும். சேர்ந்தால் படங்கள் இருக்கும். சேராவிட்டால் அத்தனை படமும் இறங்கும், சுண்ணாம்பு ஏறும்.

எங்களுக்கு இது வேடிக்கை. அண்ணாச்சிக்கு அப்படி இல்லை. ஊரில் அவருக்கு என்று ஒரு ஜீவன் கிடையாது. தபால்காரன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறான், அவரைக் கூப்பிட்டதில்லை. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த நாலு சுவரையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அதுதான் அவர் வீடு திரும்புகிற விதம். சுண்ணாம்பு அடித்துவிட்டால் மனிதர் எங்கே போய்த் திரும்புவார்?

அவரோ, "ஏறிப்புடலாம்வே!" என்று சொல்லிவிட்டு, ஒரு சீனர் கடையில் பூட்ஸுக்கு ஆணி அடிக்கக் கொடுத்துவிட்டார்.

பெகு வழியாக ரயில், அப்புறம் மாட்டுவண்டி, அப்புறம் அடிவாரத்துக் கிராமம். மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி காட்சி கொடுத்தார் பாருங்கள்! ஆணி பூட்ஸ், மப்ளர், தோளில் கயிறு, கையில் கழி, வாயில் விசில். மூடுபனியில் யாரும் காணாமல் போகக் கூடாது என்று எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு மாட்டு மணி. நாங்கள் கலகலவென்று வருவதைக் கேட்டு, ஒரு வீட்டிலிருந்து கிழவர் ஒருவர் வைக்கோல் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் வைக்கோலைக் கீழே போட்டார்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரம், மரத்தடியில் மரத்தாலான ஒரு குட்டிக் கோயில். பர்மியர் நாட் என்று கும்பிடுகிற காவல் சாமியின் கோயில் அது. உள்ளே வாழைப்பழச் சீப்புகளுக்கு நடுவில் ஒரு தேங்காய் இருந்தது. அண்ணாச்சிக்குப் புல்லரித்துவிட்டது. "நம்ம பிள்ளையார் கணக்கால்லா இருக்காரு! தேங்கா வாங்கி வச்சவன் ஒடைக்க மறந்துட்டுப் போயிட்டான், பாவம்." நாங்கள் கொண்டுபோன தேங்காயை எடுத்தார். நம் ஊர் வழக்கப்படி தலைக்கு மேல் ஓங்கி, கோயில் வாசற்கல்லில் ஒரே போடாகப் போட்டார். சிதறுகாய் நாலா பக்கமும் பறந்தது.

ஊர் மூச்சு நின்றது.

"அமலே!" என்று பர்மிய பாஷையில் ஓர் அலறல். எதிரே டீக்கடை வைத்திருந்த டோ மியா ஓடி வந்தார். ரங்கூனில் க்யிம்யிண்டைங் சந்தையில் தமிழ்ப் பெண்களோடு பல வருஷம் மீன் விற்ற அம்மாள். அதனால் தமிழ் வரும், சந்தை வேகத்தில் வரும். "என்ன வேலை செஞ்சே நீ? நாட் சாமிக்குத் தேங்கா முழுசா வெக்கணும்! காம்புகூட ஒடியக் கூடாது! நீ மண்டைய ஒடைச்சுட்டே!"

"எங்க ஊர்ல ஒடைச்சாத்தான் சாமிக்குச் சந்தோசம், தாயி."

"ஒங்க ஊர் சாமிக்கு நல்ல கொணம். இவர் கோவக்காரர்!"

எங்கள் சாமான்களைத் தூக்க வந்தவர்கள் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, மலை உச்சியில் மேகம் கறுக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைசியில் டோ மியாவே தீர்ப்புச் சொன்னார். காம்போடு ஒரு புதுத் தேங்காயைக் கொண்டுவந்து அண்ணாச்சி கையில் வைத்தார்.

"ஒடைச்ச கைதான் தூக்கணும். ரெண்டு கையாலயும். மேல பொன்பாறை பயா போற வரைக்கும் கீழ வெக்காதே. அங்க வெச்சுக் கும்பிடு, கோவம் போகும். பூட்ஸ் கழட்டு. சாமி மலை இது."

ஆக, எங்கள் வழிகாட்டி ஆணி பூட்ஸ் இல்லாமல், கழி இல்லாமல், விசில்கூட ஊத முடியாமல், வளைகாப்புக்குத் தட்டு ஏந்தி வருகிற மாதிரி முன்னால் நடந்தார். ஆனால் உற்சாகத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை! ஓடையைப் பார்த்தால் ஓர் ஆரவாரம், மூங்கில் காட்டைத் தாண்டினால் ஓர் ஆரவாரம். ஒரு சரிவில், கால் கம்பங்களின் மேல் நின்ற சாப்பாட்டுக் கடை ஒன்றைக் கண்டதும் அப்படியே துள்ளினார்.

"பாத்தீரா! கூரை மேல கல்லு! மலை வீட்டுக் கூரையில கல்லு வச்சிருப்பான்னு நான் சொன்னேனா இல்லியா!"

காற்றுக்குக் கீற்றுப் பறக்காமல் இருக்க வைத்த கற்கள்தான். ஆனாலும் அவர் சொன்னபடியே இருந்ததே! எங்களுக்கும் ஜுரம் மாதிரி உற்சாகம் தொற்றிக்கொண்டது. இன்னும் மேலே, யாத்திரிகர் தங்கும் மரச்சத்திரம் ஒன்று. அடுக்கடுக்கான கூரை, ஓரமெல்லாம் சித்திர வேலை. அண்ணாச்சி தேங்காயாலேயே சுட்டிக்காட்டிப் பிரசங்கம் செய்தார்.

"பனி வழுக்கி விழுறதுக்குத்தான் கூரைக்கு இம்புட்டுச் சரிவு."

"இங்கே பனியே இல்லையே, அண்ணாச்சி?" என்றேன்.

"அதான் வழுக்கி விழுந்துட்டுல்லா!"

மத்தியானம் தாண்டியது. மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் இன்னொரு மேடு. கடைசியில், தூரத்தில் பொன்பாறை மினுக்கென்று தெரிந்தது. நாங்கள் 'ஹோ' என்று கத்தினோம். அதற்கு முன்னால் ஒரு முகடு மட்டும் பாக்கி. பாதை அங்கே ஒடுங்கி, இரண்டு பக்கமும் பள்ளமாக இறங்கியது. அண்ணாச்சி நாலடி வைத்தார். குனிந்து பார்த்தார். தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

"கீழ பாத்துட்டேன்வே." தேங்காயை இன்னும் இறுக்கிக்கொண்டார். "படத்துல மலையக் கீழ இருந்துல்லா பாக்கோம். மேல நின்னு கீழ பாக்கிற படம் ஒண்ணுகூட அந்தப் படுபாவி கம்பெனி போடலியே!"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் ஒரு பால்பெட்டியின் மேல்கூட ஏறியதில்லை. கெஞ்சினோம், தூக்கப் பார்த்தோம். அசையவில்லை. சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போனால் செக்ரட்டரிக்கு அவருடைய கண்ணாடி கிடைத்துவிடும். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

செக்ரட்டரி கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை அண்ணாச்சி இடுப்பில் கட்டினார்.

"எந்திரிங்க. கண்ணை மூடிக்கங்க."

"மூடுனா வழி தெரியாதே?"

"நான் சொல்றேன். சமையல்கட்டுப் பக்கத்துச் சுவர், மேல் வரிசை, முதல் படம். செவலை மாடு ஒண்ணு இருக்குது. எங்கே போகுது?"

அண்ணாச்சி கண்ணை மூடியபடி யோசித்தார். "பாலத்தத் தாண்டி, மேல போகுது."

"நாமளும் அது பின்னாடிதான் போறோம். காலை வைங்க. ஆ, அப்படித்தான். அடுத்த படம். ரெண்டு பைன் மரம், ஒரு மரவீடு. ஜன்னல்ல சிவப்புப் பூந்தொட்டி. மாடியில ஒரு அம்மா துணி காயப்போடுறாங்க."

"துணி இல்லவே, அந்தம்மா ஏத்துறது கொடி!"

"துணிதான். நீலச் சேலை."

"சுவிட்சர்லாந்துல சேலை ஏதுவே? கொடி!"

"சரி, கொடி. இன்னொரு அடி வைங்க."

நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனோம். அந்தச் சுவரை இந்த மனிதர் திரும்பிப் பார்த்துக்கூட நாங்கள் பார்த்ததில்லை. ஒரு படம் விடாமல் ஒப்பிக்கிறார்! ஜூலைப் படத்தில் ஏரி இருக்கிறதா, படகு இருக்கிறதா என்று இருவரும் கத்திச் சண்டை போட்டுக்கொண்டே முகட்டைக் கடந்தார்கள். படகைப் பற்றி முடிவு ஏற்படுவதற்குள் காலடியில் சமதளம் வந்துவிட்டது.

பொன்பாறையை நான் என்னவென்று சொல்ல! மலை விளிம்பில், இதோ விழுந்துவிடுவேன் என்று பயமுறுத்திக்கொண்டு, தலையில் ஒரு சின்னப் புத்தர் பகோடாவைச் சுமந்து நிற்கிறது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளை வெளேரென்று மேகம். சூரியன் இன்னும் இருந்தது! அண்ணாச்சி மண்டியிட்டுத் தேங்காயை வைக்கப் போனார். நாள் முழுவதும் பிடித்திருந்த விரல்கள் விரியவே இல்லை. செக்ரட்டரி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். தேங்காய் காம்பு ஒடியாமல் போய்ச் சேர்ந்தது.

அண்ணாச்சி கும்பிட்டு எழுந்தார். எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"செக்ரட்டரி, நான் தோத்துட்டேன்வே. நான்லா உங்களக் கூட்டிட்டு வரணும்னு தீர்மானம்? நீரு என்னக் கூட்டிட்டு வந்தீரு. கண்ண மூடிட்டு வந்தவன் என்ன வழிகாட்டி? படத்தக் கழட்டிருங்க. நானே கழட்டித் தாரேன்."

செக்ரட்டரி இடுப்புக் கயிற்றை நிதானமாக அவிழ்த்தார்.

"நான் எதைப் பார்த்து நடந்தேன், அண்ணாச்சி?"

"எதப் பாத்து?"

"உங்க படத்தைப் பார்த்து. அப்ப வழி காட்டினது யாரு? தீர்மானம் நிறைவேறியாச்சு. ஆட்சேபணை இருக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒருவரும் கை தூக்கவில்லை. அண்ணாச்சி மப்ளரை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக விளிம்புப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்து, என் பக்கம் கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கிடும்வே. ஒரே ஒரு தடவை கீழ பாத்துக்கிடுதேன்."

ஒரு கையை நான் பிடித்துக்கொண்டேன், இன்னொரு கையைச் செக்ரட்டரி. அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ மலைகளுக்குப் போயிருக்கிறேன், க்யைக்தியோவைவிட இரண்டு பங்கு உயரமானவற்றுக்குக்கூட மோட்டாரில் சுகமாக ஏறியிருக்கிறேன். ஆனால் அண்ணாச்சியின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தைவிட உயரமான இடம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.