இனி யார் பிள்ளைக்கும் நான் ஞானத்தந்தை இல்லை

அன்பும் அதட்டலும் குறையாத அக்கா ஒட்டிலியாவுக்கு, புன்டா வெர்டேயிலிருந்து தம்பி எவரிஸ்டோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிரிசெல்டாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். சிகாகோவில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் அந்தப் பாழாய்ப்போன குளிரில் சளி பிடிக்காமல் இருக்க ஆண்டவரையும் குவாதலூப்பே மாதாவையும் வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நான் மாநில செனட்டுக்கு நிற்கப்போவதாக உன் கோயில் பெண்களிடம் சொல்லிவிட்டாயாம், அவர்களும் இப்போதே உனக்கு முன் வரிசையில் இடம் விட்டுவிட்டார்களாம். அக்கா, பழையபடி பின்வரிசைக்குப் போய்விடு. வேட்புமனு கொடுக்க இன்று மாலைதான் கடைசி, நான் கொடுக்கப்போவதில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில், என் நாற்காலியில், என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடாக மெனுடோ குடல்சூப் குடிக்கப்போகிறேன். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காத பதவி அது ஒன்றுதான்.

இதை ஆரம்பித்து வைத்ததே நீதான், மறந்திருக்கமாட்டாய். என் டயர் கடை வாசலில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது, நான் நகரசபைக் கூட்டத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன், நாலு பேர் கைதட்டினார்கள், நீ ஊரிலிருந்த நேரம், 'நீயே நில்லுடா' என்றாய், நானும் மாடு மாதிரி தலையாட்டினேன். நகரசபையில் உட்கார்ந்த மறுநாளிலிருந்து நாய் குரைத்தாலும் எனக்குத்தான் போன், குப்பை வண்டி வராவிட்டாலும் எனக்குத்தான் போன், ஒரு அம்மாள் தன் மருமகன் வேலைக்குப் போவதில்லை என்று என்மேல் புகார் கொடுத்தாள். பிறகு மேயர் ஆனேன், நாய்கள் அதிகமாயின. பிறகு மாநில அவைக்கு ஆஸ்டினுக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்குச் சாக்கடை பற்றித் தெரியும் என்று சொன்னேன், என் பெயரைப் பார்த்து எல்லைக் குழுவில் போட்டார்கள். சாக்கடைக் குழுவில் யார் என்று கேட்டால், வாழ்நாளில் வாளி தூக்காத ஒரு வக்கீல். பத்திரிகைக்காரன் ஒருவன் தினமும் மைக்கை நீட்டி, லத்தீன் மக்கள் இதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பான். ராத்திரிக்கு என்ன சமைப்பது என்பதிலேயே நானும் என் பெண்டாட்டியும் ஒத்துப்போவதில்லை, அத்தனை பேர் மனசை நான் எங்கே கண்டேன் என்று சொல்லிப்பார்த்தேன். அதையும் அச்சில் போட்டுவிட்டான். நம் ஊருக்கு ஒரு வடிகால் கட்ட மசோதா கொண்டுவந்தேன். மூன்று கூட்டத்தொடர் அலைந்து, பார்த்தவன் காலையெல்லாம் பிடித்து, கடைசியில் நிறைவேறியது. நடுவில் யாரோ ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். வடிகால் கட்டுவது என்பதை எடுத்துவிட்டு, வடிகாலைப் பற்றி ஆராய்வது என்று. ஆராய வந்தவர்களின் கார் என் கடை வாசல் தண்ணீரில்தான் நின்றுபோனது. நான்தான் தள்ளிவிட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா, இந்த ஞானஸ்நானங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. பதவிக்கு வந்தவன் ஊரார் பிள்ளையை ஞானத்தந்தையாகத் தூக்கவேண்டும் என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். கோயிலில் எல்லார் முன்னாலும் கேட்பார்கள், மறுத்தால் பாவம், மறுக்காவிட்டால் தகப்பனோடு நாம் ஆயுசுக்கும் கம்பாத்ரே, கூடப்பிறக்காத சகோதரன் மாதிரி. கம்பாத்ரேயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவன் நம் தெருவில் நடக்கமுடியுமா, நீயே சொல். நகரசபையில் எந்தத் தீர்மானம் வந்தாலும் இந்தப் பக்கம் ஒரு கம்பாத்ரே, அந்தப் பக்கம் ஒரு கம்பாத்ரே, நடுவில் நான், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இந்தச் சூட்சுமத்தைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் கசிமிரோ. போன தேர்தலில் என்னை எதிர்த்து நின்றானே, அதே கசிமிரோதான். அவனுக்கு வயசான காலத்தில் ஒரு கடைக்குட்டி பிறந்தது. பூசை முடிந்து கூட்டம் கலையும் முன்னால் நேராக என்னிடம் வந்து, "என் பையனை நீங்கதான் தூக்கணும், வேற யாருக்கும் அந்தத் தகுதி இல்லை" என்று கண்கலங்கினான். பாதிரியார் கண்ணும் கலங்கியது. தூக்கினேன். அன்றிலிருந்து அவன் 'அவர்' ஆகிவிட்டார். அடுத்த வாரம் பச்சாங்கா, தேர்தல் கறிவிருந்து. கறி வெந்துகொண்டிருக்கிறது, ஊரே எங்கள் இரண்டு பேரின் வாய்ச்சண்டையைக் கேட்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. எதிராளியின் குறையைச் சொல்லுங்கள் என்றார் கூட்டம் நடத்துகிறவர்.

"கம்பாத்ரே மாதிரி ஒரு நல்ல மனுஷனை நான் பார்த்ததில்லீங்க" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க கம்பாத்ரே, உங்க முன்னால நானெல்லாம் எந்த மூலைக்கு" என்றார் அவர்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்ப நாங்க யாருக்குய்யா ஓட்டுப் போடுறது, கறிக்கா?" என்று கேட்டார். கறி தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. ஏதோ சொற்ப ஓட்டில் ஜெயித்தேன். மரியாதைக்காக நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அவரும் எனக்குப் போட்டதாகச் சொன்னார், அது நிஜமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். இப்போது அவர் செனட்டுக்கு நிற்கிறார். மறுபடியும் அந்த மேடையில் ஏறி அவரைப் புகழ எனக்குத் தெம்பில்லை.

அலுத்துவிட்டது அக்கா. போன வாரம் விடியற்காலையில் சமையலறைக்குள் போனேன், எதிரே கிரிசெல்டா நின்றாள், என்னையறியாமல் கையை நீட்டி, "உங்க ஆதரவுக்கு ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டேன். அவளும் கையைக் குலுக்கி, "எங்க தெருவுல தண்ணி நிக்குது, கொஞ்சம் கவனிங்க" என்றாள். சிரித்தோம். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்லை. அவளோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதே எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வரும் போனையெல்லாம் எடுத்து, அழுகிறவர்களைத் தேற்றி, என் பேச்சையும் எழுதிக் கொடுத்து, அவளும் களைத்துத்தான் போயிருப்பாள்.

இன்று காலை என் முடிவைச் சொன்னேன். அழுவாள் என்று கைக்குட்டையோடு நின்றேன். "நிஜமாத்தான் சொல்றீங்களா? சாயங்காலத்துக்குள்ள மனசு மாற மாட்டீங்களே?" என்று கேட்டாள். சத்தியம் செய்துகொடுத்தேன். உடனே அந்த நல்ல நீல உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போயிருப்பாள், பாவம்.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்களில் யாரும் எந்தக் கூட்டத்துக்கும் போய்க் கத்தவேண்டாம் என்று சொல். மாதா உங்கள் வீட்டுக் கதவையும் கணப்பையும் காக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
எவரிஸ்டோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கிரிசெல்டா வந்துவிட்டாள். அவள் கோயிலுக்குப் போகவில்லை. கட்சி அலுவலகத்துக்குப் போய் செனட்டுக்கு வேட்புமனு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், தன் பெயரில். "உங்களுக்கு அலுத்துப்போச்சு, எனக்கு இப்பதான் சூடு பிடிக்குது. நீங்க நிக்கிற வரைக்கும் நான் எப்படி நிக்கிறது?" என்றாள். அப்போ ஞாயிற்றுக்கிழமை என்று மெதுவாகக் கேட்டேன். "எனக்குக் கூட்டம் இருக்கு. ஒரு ஞானஸ்நானத்துக்கு ஒத்துக்கிட்டேன், நீங்க போய்ப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடுங்க" என்றாள். சுவரொட்டிக்குப் படமெடுக்க ஒரு ஆளைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். படமெடுக்க வந்தவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்று பார்த்தேன் அக்கா. இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.