கைதட்ட வந்த முதலாளிகள்

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் அன்புசெல்வன் வணங்கி எழுதுவது. பவானியம்மன் புண்ணியத்தில் நானும் அருணாவும் சுகம். கடம்பத்தூரில் தாங்களும் செல்வி அக்காவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம்; பாதியில் அக்கா பிடுங்கிக்கொண்டு அம்மாவின் வளையல் விஷயத்துக்குப் போய்விடுவாள் என்பதால் எழுதுகிறேன்.

குறைந்தபட்சக் கூலியை உயர்த்தலாமா என்று கருத்துக் கேட்க ஓர் அதிகாரி திருவள்ளூர் வந்தது தங்களுக்குத் தெரியும். எங்கள் சிறுதொழில் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "மண்டபம் நெறையணும் அன்பு. நெறைஞ்சா இந்த வருஷ ஆர்டரும் உனக்குத்தான்" என்றார். அவர் கம்பெனி ஆர்டர் இல்லையென்றால் தகரம் அடிக்கும் என் பிரஸ் ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பேங்கில் கொடுக்க வேண்டியதுதான். முதலாளிகளைக் கூப்பிட்டேன். ஊரில் இருக்கிற முதலாளி எல்லாருக்கும் அன்றைக்கென்று காய்ச்சல். வேறு வழியில்லாமல் பெரியபாளையம் ஓடிக் கெங்கம்மாளைப் பிடித்தேன். ஆடி மாதம் கோயில் வாசலில் பூ விற்பவர்; மற்ற மாதங்களில் கூட்டங்களுக்குப் பெண்களை அழைத்துப் போகிறவர். தலைக்கு ஒரு நாள் கூலி, பிரியாணி என்று பேசி, ஒரு மண்டபம் நிறைய அழைத்து வந்து, ஒவ்வொருவர் சேலையிலும் 'தொழில்முனைவோர்' என்று பேட்ஜ் குத்தினேன். "இன்னா நைனா இது?" என்றார். முதலாளி என்று அர்த்தம் என்றேன். உடனே திரும்பி, "எல்லாரும் மொதலாளிங்கடி, நேரா ஒக்காருங்க!" என்று ஒரு அதட்டல். அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள் மாமா. எங்கள் சங்கத்தில் இதுவரை யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

அதிகாரி வருமுன் ஒத்திகையாகத் தலைவர் பேசினார். "கூலியில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? ஆள் வேண்டியவரும் வேலைக்கு வந்தவரும் நேருக்கு நேர் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்!" கைதட்டல் வரவில்லை. கெங்கம்மாள் எழுந்தார். "சார் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்டு. வாங்க, பேசிக்கலாம்" என்று பேட்ஜைக் கழற்றினார். மண்டபமே கழற்றியது.

"காலைலயே பேசியாச்சேம்மா!" என்று கெஞ்சினேன்.

"அப்போ ஒங்களுக்கு அவசரம் இல்ல நைனா. இப்போ ஆபீசரு வந்துகினு கீறாரு."

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எவ்ளோ?" என்றார். ரெண்டு மடங்கு என்றார் அந்த அம்மாள். பாத்திரம் கழுவ வந்தவர்களுக்கும் அதே கூலி வேண்டுமாம். "அவங்க கை தட்டலயே!" என்று தலைவர் கத்த, "துன்றதுக்குத் தட்டு இல்லாம எவ சார் கை தட்டுவா?" என்றார். குரல் உயரவே இல்லை. தொழிற்சங்கக்காரர்களை மாசக்கணக்கில் வாசலில் நிற்க வைப்பவர் நம் தலைவர். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் ஒத்துக்கொண்டார். இப்படியும் ஒரு மனுஷி இந்த ஜில்லாவில் இருக்கிறாளா என்று எனக்குக் கும்பிடத் தோன்றியது.

பிறகு எழுந்த கைதட்டலில் சீரியல் பல்பெல்லாம் ஆடியது. இத்தனை பெண் தொழில்முனைவோரைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று அதிகாரி நெகிழ்ந்து போனார். ஆர்டரும் எனக்கே கிடைத்துவிட்டது. முதல் லோடு திங்கட்கிழமை போக வேண்டும்.

இத்துடன் ஒரு மனு வைத்திருக்கிறேன். கூலியை நாங்களே பேசிக்கொள்கிறோம், அரசு தலையிட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. தாங்களும் அங்குள்ள ஷெட்காரர்களும் கையெழுத்திட்டு அனுப்பவும். அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆயிரம் ஆசிகள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
அன்புசெல்வன்

பி.கு.: சனிக்கிழமை காலை. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. கூட்டத்தன்று பிரியாணி பரிமாற என் ஷெட் ஆட்கள் ஆறு பேரையும் அழைத்துப் போயிருந்தேன். இன்று ஒருவரும் பிரஸ்ஸில் கை வைக்கவில்லை. வாசலில் நிற்கிறார்கள், நடுவில் நாற்காலி போட்டுக் கெங்கம்மாள். "இன்னா நைனா, திங்கக்கெயம லோடாமே? பேசிக்கலாமா?" என்கிறார். மாமா, இத்துடன் வைத்திருந்த மனுவை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். கூலியை அரசாங்கமே உடனே நிர்ணயிக்க வேண்டும் என்று வேறு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. அரசாங்கம் எவ்வளவு உயர்த்தினாலும் சரி, இந்த அம்மாள் கேட்கப் போவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.