முப்பது கிலோ மூளையும் ஒரு குதிரையும்

சிட்னியில் வாழும் நம்மவர்களுக்குள் ஒரு தனி இனம் உண்டு. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்காததால், வசதிக்காக நான் முப்பது கிலோ மூளைக்காரர்கள் என்று அழைக்கிறேன். ஊருக்கு விமானம் ஏறும்போது ஆளுக்கு முப்பது கிலோ என்று யாரோ ஒருநாள் சொல்லிவைக்க, அன்றிலிருந்து உலகத்துக் கனத்தையெல்லாம் அந்த ஒரே கணக்கால் அளக்கிறவர்கள் இவர்கள். அடையாளம் காண்பது எளிது. விமான நிலைய வரிசைக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் திறந்து, மிக்சி ஜாரை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் திணித்து, அதிலும் இடமில்லாவிட்டால் கைப்பையில் நுழைத்து, நடுக்கோடையில் மூன்று ஸ்வெட்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, வியர்வை வழியச் சிரித்தபடி கவுன்டரில் போய் நிற்பார்கள். "ரெண்டு கிலோ கூட இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்பது இவர்களின் வேதம். "அதை எடுத்து இதுல வை" என்பது செயல்முறை. கவுன்டரைத் தாண்டிவிட்டால் முக்தி.

இதில் என்ன தப்பு? துணிப்பெட்டி என்றால் ஒரு தப்பும் இல்லை. அந்த மூளை குதிரை வாங்கும்போதுதான் சிக்கல்.

சடகோபன் அங்கிள் குதிரை வாங்கினார். பரமட்டாவில் மென்பொருள் வேலை, பிளாக்டவுனில் சொந்த வீடு, அந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு நான். குதிரையின் பெயர் மில்லி. அவருடைய மகள் அக்ஷராவுக்காக வாங்கியது. அது ரிவர்ஸ்டோன் பக்கம் ஒரு பண்ணையில் மாத வாடகைக்கு நிற்கிறது. என்னைப் போலத்தான், ஆனால் அதற்குச் சாப்பாடும் சேர்த்து. பனிக்காலம் முழுவதும் விடியற்காலையில் எழுந்து போய்த் தடைதாண்டப் பயிற்சி எடுத்த அக்ஷராவுக்கு, வசந்தத்தில் குராஜாங் மலைப்பக்கம் முதல் போட்டி. மில்லியை அங்கே கொண்டுபோக ஒரு ஃப்ளோட் வேண்டும். காரின் பின்னால் மாட்டி இழுக்கும் குதிரைக்கூண்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அங்கிள் ஆராய்ச்சியில் இறங்கினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தவர்கள் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன். ஆகவே வார இறுதிகளில் அவர் பின்னால் போய், அவர் டயரை உதைத்தபோது நானும் உதைத்தேன். கடைக்காரர் அவருடைய காரைப் பார்த்துவிட்டு, ஒற்றைக் குதிரை நிற்கும் சின்ன ஃப்ளோட் ஒன்றைக் காட்டினார். கார் இழுக்கக்கூடியது ஆயிரத்து ஐந்நூறு கிலோ. இந்தக் கூண்டும் மில்லியும் அதற்குள் நிம்மதியாக அடங்கும், மூச்சுவிட இடமும் மிஞ்சும் என்றார்.

அங்கிளுக்கு அந்தச் சொல்தான் உறுத்தியது. மிஞ்சுவதா? எடை மிஞ்சுகிறது என்றால் எதையோ வைக்காமல் விட்டிருக்கிறோம் என்றல்லவா அர்த்தம்? பெட்டியில் இரண்டு கிலோ காலியாக ஊருக்குப் போனவர் நம்மில் யாராவது உண்டா? இரண்டு குதிரை நிற்கும் ஃப்ளோட்டையே வாங்கினார். இருப்பது ஒரு குதிரை. மறுபாதி?

மறுபாதி எப்படி நிறைந்தது என்பதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் எங்காவது போகிறார் என்று தெரிந்தால் அவரிடம் பார்சல் கொடுக்காமல் நம்மால் தூங்க முடியாது. போட்டிக்குப் போவதற்கு முன்னால் தமிழ்ச் சங்கத்தின் மடக்கு நாற்காலிகள் வந்தன, வழியில் ஒருவர் வீட்டில் இறக்கிவிடுவதற்காக. அங்கிளின் மனைவி மிருணாளினி ஆன்ட்டி ஒரு பெரிய அண்டா புளியோதரையும் குடிதண்ணீர் கேன்களும் ஏற்றினார். அங்கே தண்ணீர் எப்படி இருக்குமோ. பக்கத்து வீட்டு மோகனதாஸ் அங்கிள் கல் வைத்த கிரைண்டரோடு வந்தார். "என்ர தங்கச்சி ரிச்மண்டில இருக்கிறா. நீங்கள் அந்தப் பக்கம்தானே போறியள்?" என்றவர், கிரைண்டரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் ஆன்ட்டியும் நானும் உட்கார்ந்திருந்த பின்னிருக்கையில் தானும் ஏறிக்கொண்டார்.

சடகோபன் அங்கிள் அலட்சியமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். சேணம், கடிவாளம், வைக்கோல் எல்லாவற்றையும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தவர் அவர். மில்லியை மட்டும் தொங்கவிட முடியவில்லை. விற்றவர் சொன்ன எடையை அப்படியே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரே ஊட்டிய கேரட்டுகளை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ரிவர்ஸ்டோன் தாண்டி முதல் வளைவில் ஃப்ளோட் வாலை ஆட்டியது. நேரான சாலைக்கு வந்த பிறகும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. காரின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தது. "காத்துதான்" என்றார் அங்கிள். மரத்தில் ஓர் இலை அசையவில்லை. முன்னிருக்கையில் இருந்த அக்ஷரா, எடை போட்டுப் பார்க்காவிட்டால் போட்டியே வேண்டாம், வண்டியைத் திருப்புங்கள் என்றாள். ஒரு பனிக்காலத்துப் பயிற்சியை அப்படியே தூக்கிப் பணயம் வைத்துவிட்டாள். அங்கிள் வேறு வழியில்லாமல், சாலையோரம் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் காரையும் ஃப்ளோட்டையும் சேர்த்து ஏற்றினார்.

சிவப்பு எண் மின்னியது. காரும் ஃப்ளோட்டும் அதிலிருக்கும் உயிர்களும் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் வரம்பை, இரண்டு கிலோவால் அல்ல, ஒரு பெரிய மாட்டின் எடையால் தாண்டியிருந்தோம்.

அங்கிள் முகத்தில் கலக்கமே இல்லை. பழகிய இடத்துக்கு வந்த தெளிவு. "அதை எடுத்து இதுல வை" என்றார்.

எல்லோரும் இறங்கி, ஃப்ளோட்டின் பக்கக் கதவு வழியாகக் கிரைண்டரை எடுத்துக் காரின் டிக்கியில் வைத்தோம். நாற்காலிகள் பின்னிருக்கைக்குப் போயின. தண்ணீர் கேன்களைக் காலடியில் அடுக்கினோம். வியர்த்துப்போய் மேடையிலேயே நின்று நிமிர்ந்து பார்த்தால் எண் அசையவில்லை. எப்படி அசையும்? காரும் ஃப்ளோட்டும் நாங்களும் அதே மேடையில்தான் நிற்கிறோம். பொறியியல் படித்த எனக்கே அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் ஆன்ட்டி, பாரத்தைக் குறைக்கலாம் என்று புளியோதரையைப் பரிமாற ஆரம்பித்திருந்தார். மேடையில் நின்றபடியே சாப்பிட்டோம். எண்ணும் அப்படியே நின்றது. பின்னால் ஒரு குப்பை லாரி காத்திருந்தது.

"ஒன்று செய்வம்," என்றார் மோகனதாஸ் அங்கிள். "காரைக் கீழ இறக்கிப்போட்டு ஃப்ளோட்டை மட்டும் மேல விடுங்கோ."

அப்படியே செய்தார்கள். சாமானெல்லாம் இப்போது காரில். ஃப்ளோட் மட்டும் மேடையில். எண் வரம்புக்குள் வந்தது. இரண்டு அங்கிள்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். "பாஸ்" என்றார் சடகோபன் அங்கிள்.

அக்ஷரா ஃப்ளோட்டின் ஜன்னல் வழியாக மில்லியின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அப்பா, இது ஏர்போர்ட் இல்ல. அங்க கவுன்டரைத் தாண்டினா போதும், மீதியை பைலட் பாத்துப்பார். இங்க மலை இறங்கறப்ப பிரேக் போடப் போறது நீங்க. மில்லி உள்ள நிக்கறா."

அங்கிள் கிரைண்டரைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார். பெட்டியிலிருந்து எதை எடுத்துத் தரையில் வைப்பது என்று யோசிக்கும் அதே பார்வை.

ஆன்ட்டி, மோகனதாஸ் அங்கிள், நான், கிரைண்டர், நாற்காலிகள், தண்ணீர், அண்டா. எல்லாமே கீழே. அப்பாவும் மகளும் குதிரையும் மறுபடி மேடை ஏறியபோது எண் வரம்புக்குள் அடங்கியது. ஆடாமல் அசையாமல் மலைப்பக்கம் போன ஃப்ளோட்டைப் பார்த்தபடி, நாங்கள் மூவரும் எடைமேடை ஓரத்தில் மடக்கு நாற்காலிகளை விரித்து உட்கார்ந்தோம். இவ்வளவு பட்ட பிறகாவது அந்த மூளை மாறியிருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. படிப்பு மனிதனை மாற்றும் என்று நம்புகிறவன் அனுபவத்தை நம்ப மாட்டானா?

பிற்பகலில் அங்கிள் ஆன்ட்டிக்குப் போன் செய்தார். அக்ஷரா ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் தாண்டியிருந்தாள், மூன்றாம் இடம். ஆன்ட்டி அழுதார். பிறகு அங்கிள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"தம்பி, இங்க குதிரை எரு சும்மாவே குடுக்கறாங்க. கறிவேப்பிலைச் செடிக்கு அமிர்தம். நீங்க மூணு பேரும் இறங்கினதுல வரம்புக்குள்ள மிஞ்சின கனத்துக்குச் சரியா மூட்டை எடுத்துக்கிட்டேன். பின் சீட்ல வச்சு பெல்ட்டும் போட்டாச்சு. நீங்க ஸ்டேஷனுக்கு நடந்து ட்ரெயின் பிடிச்சு வந்துடுங்க. கிரைண்டரையும் தூக்கிட்டு வாங்க, ட்ரெயின்ல வெயிட் கேக்க மாட்டான்."

சட்டப்படி அவர் கணக்கில் இந்த முறை ஒரு கிலோகூடப் பிழை இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எரு இலவசம் என்று படித்ததும், நம் வீட்டுத் தொட்டிக்கும் ஒரு மூட்டை சேர்த்துக் கொண்டுவரச் சொன்னால் என்ன, ஒன்றுதானே, என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் நடைமேடைக்கு வாருங்கள். கிரைண்டரின் ஒரு பக்கத்தைப் பிடிக்க ஆள் தேவைப்படுகிறது.