படம் ஓடலைங்க

2025 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருச்சி பாலக்கரை செண்பகா தியேட்டரில் ‘கருஞ்சுவர் 2’ திரையிடப்படவில்லை. ஒன்பது நாற்பத்தேழுக்குள் அந்தப் படத்தைப் பற்றி நாற்பத்தொரு பார்வையாளர் கருத்துகள் யூடியூபில் வெளியாகியிருந்தன.

ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற மூடநம்பிக்கை தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலவிவந்தது. அதை ஒழித்த பெருமை மலைக்கோட்டை மாநகருக்கே உரியது. அந்த வரலாற்றுக் காலையில் வரலாற்றுக்குக் குறுக்கே நின்றவர் ஒரே ஒருவர்: செண்பகாவின் ஆபரேட்டர் தைரியராஜ். இருபத்தெட்டு வருடமாகப் படம் ஓட்டுகிறவர். எந்தப் படத்தைப் பற்றியும் கருத்துச் சொன்னதில்லை. கேட்டால், “நமக்கு எல்லாப் படமும் ரெண்டே முக்கா மணி நேரம்தாங்க” என்பார். வேறு வேலை தெரியாது; வீட்டில் வேறு வருமானமும் கிடையாது.

‘கருஞ்சுவர்’ முதல் பாகம் வந்து பதினோரு வருடமாயிற்று. இந்தப் பாகத்தில் வில்லன் வெளிநாட்டில் ஒரு நிலவறையில் உட்கார்ந்துகொண்டு, லேப்டாப்பைத் தட்டியே நம் ரயில்களை நிறுத்துகிறான், அணைகளைத் திறக்கிறான். ரசிகர்களால் ‘எரிமலை’ என்று அழைக்கப்படும் நாயகன், அணு உலையின் பாஸ்வேர்டை எட்டு நொடியில் கண்டுபிடித்து நாட்டைக் காப்பாற்றுகிறார். இவ்வளவும் டிரெய்லரிலேயே வந்துவிட்டது.

வராதது, படத்தைத் திறக்க வேண்டிய பாஸ்வேர்டு.

இப்போதெல்லாம் படம் பெட்டியில் வருவதில்லை. பூட்டுப் போட்ட ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. பூட்டின் சாவி சென்னையிலிருந்து மின்னஞ்சலில் வரும். ஒரு தியேட்டரின் சாவி இன்னொரு தியேட்டரின் மெஷினைத் திறக்காது. அன்று காலை செண்பகாவுக்கு வந்தது துறையூர்த் தியேட்டரின் சாவி. தைரியராஜ் சென்னைக்குப் பதினான்கு முறை போன் செய்தார். பதினான்கு முறையும் ‘எரிமலை’யின் அறிமுகப் பாட்டு காலர் ட்யூனாகக் கேட்டது.

இதற்கெல்லாம் கலங்குகிற அமைப்பல்ல ‘எரிமலை நற்பணி மன்றம், ஸ்ரீரங்கம் கிளை’. அதன் செயலாளர் சிவசங்கர். பெயரில் சிவனும் முகவரியில் ரங்கனும் இருந்தாலும், அவர் கும்பிடுவது எரிமலையை மட்டுமே. முந்தைய நாள் மாலையே அம்மா மண்டபம் சாலையில் ஒரு டூ வீலர் ஸ்டாண்டில் ‘கருத்துப் பங்கீட்டுக் கூட்டம்’ நடத்தி முடித்திருந்தார். “மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு” என்று சொல்ல ஆறு பேர். “குடும்பத்தோட பாக்கலாம்” என்று சொல்ல, குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்த நான்கு பேர். அம்மா சாகும் காட்சிக்காகத் தேம்பி அழ ஒருவர். “செகண்ட் ஹாஃப் கொஞ்சம் நீளம், ஆனா கிளைமாக்ஸ்ல ஈடு கட்டிட்டாங்க” என்று குறை சொல்லவும் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். அவர் ‘நடுநிலை’.

தியேட்டர் வாசலில் மைக்கோடு நின்றிருந்தவர் அப்ரார். ‘கோட்டை மைக்’ என்ற சேனலின் நிறுவனர், ஆசிரியர், ஒளிப்பதிவாளர், ஊழியர்.

“படம் இன்னும் ஆரம்பிக்கலயாமே ப்ரோ. எனக்குப் பத்து மணிக்கு உறையூர்ல ஒரு பிரியாணிக் கடை திறப்பு விழா இருக்கு. நான் கெளம்பவா?”

“இருங்க ப்ரோ. படம்தான் ரெடி இல்ல, கருத்து ரெடியா இருக்குல்ல?” என்றார் சிவசங்கர்.

நாற்பத்தொருவரும் வரிசையில் நின்று கருத்துச் சொன்னார்கள். அழ வேண்டியவர் அழுதார். ‘நடுநிலை’ இரண்டாம் பாதியில் சரியாகப் பன்னிரண்டு நிமிடத்தை வெட்டச் சொன்னார். சென்னையிலேயே எவரும் வாய் திறக்காத நேரத்தில், திருச்சி தீர்ப்பு வழங்கிவிட்டது.

அப்போதுதான், சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தைரியராஜ் வாசலுக்கு வந்தார். அப்ராரின் மைக் பழக்கதோஷத்தில் அவர் பக்கம் திரும்பியது.

“அண்ணே, படம் எப்படிண்ணே?”

“படம் ஓடலைங்க.”

நான்கு நொடி வீடியோ. பதினொரு மணிக்குள் எழுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘ஆபரேட்டரே சொல்லிட்டாரு! படம் ஓடல!’ என்று தலைப்பு. அதன் கீழே மன்றத்தார் ‘தீவிரவாதி’ என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

முதல் போன் அவர் மனைவி சகாயமேரியிடமிருந்து வந்தது.

“என்னங்க, நீங்க ஏதோ தீவிரவாதின்னு கீழ் வீட்டுல பேசிக்கிறாங்க?”

“சாவி வரல, படம் ஓடலன்னு சொன்னேன் மேரி.”

“வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க. வர விடுவாங்கள்ல?”

மேனேஜர் அழகிரியின் அறையில் அவசரக் கூட்டம் கூடியது. மேனேஜர் நாற்காலியில் சிவசங்கர் உட்கார்ந்திருந்தார், மேனேஜர் ஸ்டூலில்.

“மேனேஜர் சார், இது சாதாரண விஷயமில்ல” என்றார் சிவசங்கர். “ஒரே ஒரு வீடியோவ வெச்சு ஒரு படத்தையே சாய்க்கிறது. இதுக்குப் பேருதான் சைபர் தீவிரவாதம். படத்துலயே வருது.”

“நீங்க படம் பாத்துட்டீங்களா தம்பி?” என்றார் தைரியராஜ்.

அழகிரி குறுக்கிட்டார். “அதெல்லாம் இப்ப எதுக்குய்யா? ஓடலைன்னு சொன்னீரா இல்லியா?”

“சொன்னேன் சார். ஓடலையே.”

“ஓடலைன்னா என்னய்யா அர்த்தம்?”

“ஓடலைன்னுதான் சார் அர்த்தம்.”

“ஊத்திக்கிச்சுன்னு அர்த்தம்யா! இருபத்தெட்டு வருசமா தியேட்டர்ல இருக்கீரு, இந்தத் தமிழ் தெரியாதா?”

தைரியராஜ் யோசித்தார். இத்தனை வருடமாக அந்தத் தியேட்டரில் படத்தை ஓட்டியவர் தாம் ஒருவர்தான் என்பதால், அந்தச் சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

“ஓடுதுன்னு ஒரு வீடியோ குடுங்கண்ணே, முடிஞ்சுபோச்சு” என்றார் சிவசங்கர்.

“சாவி வரட்டும் தம்பி. ஓட்டிட்டு, ஓடுதுன்னு சொல்றேன்.”

“ஓடினதுக்கப்புறம் கருத்துச் சொல்லி என்னண்ணே பிரயோஜனம்? கருத்தாலதானே படமே ஓடுது!”

அழகிரி எழுந்து நின்றார். “தைரியராஜ், பதினொண்ணரைக்குள்ள வீடியோ வரணும். இல்லாட்டி நாளையிலேர்ந்து நீர் வர வேணாம்.”

அப்ரார் பிரியாணிக் கடையிலிருந்து திரும்பி வந்திருந்தார். ஆபரேட்டர் அறையில், அணைந்து கிடந்த மெஷின் முன்னால் தைரியராஜை நிறுத்தினார். சிவசங்கர் எழுதிக் கொடுத்ததைத் தைரியராஜ் வாசித்தார்: “நான் தைரியராஜ். காலை ஒன்பது மணிக் காட்சியை என் கையால ஓட்டினேன். படம் ஓடுது. சிறப்பா ஓடுது. ஓடலைன்னு சொன்னது வாய் தவறி.” கடைசி வரியை வாய்க்குள்ளேயே முனகினார்.

“பேர்ல மட்டும்தானாண்ணே தைரியம்?” என்றபடி அப்ரார் இன்னொரு முறை எடுத்தார்.

பதினொன்று நாற்பதுக்குச் சாவி வந்தது. கூடவே ஒரு மின்னஞ்சலும்: தவறான சாவியை அனுப்பியதற்கு வருந்துகிறோம். ‘ஒன்பது மணிக் காட்சி’ பன்னிரண்டு ஐந்துக்கு ஓடத் தொடங்கியது. அரங்கம் நிரம்பியிருந்தது. அவரவர் கருத்துக்கு வந்த மறுமொழிகளுக்கு எல்லாரும் பதில் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரை வெளிச்சத்தைவிடப் போன் வெளிச்சம் அதிகம். ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாக, படத்தை முழுதாகப் பார்த்தவர் தைரியராஜ் மட்டும்தான். கிளைமாக்ஸில் எரிமலை கேமராவைப் பார்த்து, “கண்ணால பாக்காதத யாருக்கும் பரப்பாதே!” என்றபோது விசில் பறந்தது. எல்லாரும் போனைத் தூக்கி அந்த வசனத்தைப் படம்பிடித்துப் பரப்பினார்கள்.

படம் முடிந்ததும் தைரியராஜ் கீழே வந்து சிவசங்கரைத் தேடிப் பிடித்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். ஒருத்தர் அம்மா செத்ததுக்கு அழுதாரே.”

“ஆமா, நம்ம கிளைப் பொருளாளர். ஒரு லட்சம் வ்யூஸ்.”

“படத்துல அம்மாவே இல்லையே தம்பி.”

சிவசங்கர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க ஏண்ணே படத்தையெல்லாம் பாக்குறீங்க?”

பதிமூன்றாம் நாள் படம் செண்பகாவிலிருந்து தூக்கப்பட்டது. திருச்சியில் வசூல் இல்லாமற்போன காரணத்தைக் கேட்டுப் படக் கம்பெனி கடிதம் எழுதியது. அழகிரி, சிவசங்கர், ஊடகப் பிரதிநிதியாக அப்ரார் ஆகிய மூவர் கொண்ட ‘உண்மை அறியும் குழு’ அக்டோபர் 31 அன்று கூடியது. ஆபரேட்டர் ஒரே நாளில் இரண்டு விதமாகப் பேசியிருப்பதைக் குழு கவலையோடு குறித்துக்கொண்டது. படம் ஒன்பது மணிக்கே ஓடியது என்ற அவரது இரண்டாவது கூற்றை, கிளைமாக்ஸ் வரை விவரித்த நாற்பத்தொரு சாட்சிகள் உறுதிசெய்தார்கள். எனவே முதல் கூற்று பொய். தைரியராஜ் சாவி பற்றிய மின்னஞ்சலைக் காட்டினார். மின்னஞ்சல் என்பது வெறும் தகவலே தவிரக் கருத்து ஆகாது என்று குழு அதை ஒதுக்கிவைத்தது.

சிவசங்கர் மன்றத்தின் மாவட்டத் தலைவரானார். நாற்பத்தொரு கருத்துகளும் யூடியூபில் இருக்கின்றன. பொய்த் தகவல் என்று நீக்கப்பட்டது ஒரே ஒரு வீடியோ, நான்கு நொடி. நவம்பர் ஒன்றாம் தேதி தைரியராஜும் நீக்கப்பட்டார்.