சந்தனம் வைத்த மைக்ரோவேவும் சூடு கேட்ட புலியும்

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. வயதாகிவிட்டது, கடைவாய்ப் பற்கள் ஆடின, நாலு அடி ஓடினால் மூச்சு வாங்கியது. ஆனால் தான்தான் ராஜா என்ற நினைப்பு மட்டும் எள்ளளவும் குறையவில்லை. இப்படி ஒருவரை நீங்கள் உங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

ஒருநாள் புலி எல்லா மிருகங்களையும் கூட்டி வைத்து அறிவித்தது.

"இனிமே வேட்டை கிடையாது. நீங்க என்ன குடுத்தாலும் தின்னுக்கறேன். ஆனா சூடா இருக்கணும். சூடா இல்லேன்னா, பக்கத்துல எது சூடா இருக்கோ அதைத் தின்னுருவேன்."

மிருகங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. எல்லோருக்கும் உடம்பு சூடாகத்தான் இருந்தது. பாம்பு மட்டும் 'இது நமக்கில்லை' என்று பாதிக் கூட்டத்திலேயே எழுந்து போய்விட்டது.

மலையடிவாரக் கோயிலில் தினமும் அன்னதானம் உண்டு. அங்கிருந்து சாம்பார் சாதம் கொண்டுவர ஏற்பாடு ஆனது. ஆனால் மலையேறி வருவதற்குள் அது ஆறி, விறைத்து, கரண்டியை நட்டால் நிற்கும் பதத்துக்கு வந்துவிடும். காட்டுத்தீ பயத்தால் அடுப்பு மூட்டவும் தடை. ஆகவே மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மைக்ரோவேவ் வாங்கி, சோலார் தகட்டில் இணைத்து, புலியின் குகை வாசலில் வைத்தன.

அதை இயக்கும் வேலை செவந்தி என்ற கேளையாட்டுக்கு, அதாவது ஒரு சின்ன மானுக்கு, வந்தது. முதலில் அந்த வேலையில் ஒரு முயல் இருந்தது. ஒரு மதியம் பட்டனை அழுத்த மறந்துவிட்டது. அதற்குப் பிறகு முயலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செவந்தி கெட்டிக்காரி. பயந்த சுபாவம் என்பதால் கூடுதல் கெட்டிக்காரி. அதன் கையில் சாதம் ஒருநாளும் ஆறியதில்லை. இப்படியே காலம் ஓடி, ஆயுத பூஜை வந்தது.

செவந்தி மைக்ரோவேவைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்தது. மாலை போட்டது. சந்தனத்தை வழித்து வழித்து, மேலே, பக்கவாட்டில், கதவின் நாலு மூலையில் என்று பொட்டு வைத்தது. கதவைத் திறந்தால், மூடும்போது கொக்கி போய் மாட்டுவதற்கு இரண்டு ஓட்டைகள் தெரியுமே, அவை வெறுமையாக இருப்பதைப் பார்க்க அதற்கு மனசு கேட்கவில்லை. இரண்டிலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தது.

பூஜையில் வைத்த சாமானை அன்று தொடக் கூடாது அல்லவா? புலிக்கும் சாமி பயம் உண்டு. பொரிகடலையைத் தின்று, தண்ணீரைக் குடித்துவிட்டு, முறைத்துக்கொண்டே படுத்தது.

மறுநாள் மதியம் செவந்தி சாதத்தை உள்ளே வைத்து, கதவை மூடி, பட்டனை அழுத்தியது. மைக்ரோவேவ் சுற்றவில்லை. திரையில் E3 என்று எழுத்து மின்னியது. கூடவே ஒரு கீச்சுச் சத்தம்.

குகைக்குள்ளிருந்து புலியின் குரல் வந்தது.

"செவந்தி, நேத்தும் ஒண்ணும் சாப்பிடலை. ஞாபகம் இருக்கில்ல?"

"இதோ ஆயிருச்சு எசமான்!"

ஒன்றும் ஆகவில்லை. அது ஓடிப்போய்க் குரங்கைக் கூட்டிவந்தது. குரங்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டது. பிறகு மைக்ரோவேவின் தலையில் ஓர் அடி கொடுத்தது. பிறகு இன்னும் பலமாக ஓர் அடி கொடுத்தது. தனக்குத் தெரிந்த வைத்தியம் முழுவதும் முடிந்த பிறகுதான் கையேட்டை எடுத்துப் பிரித்தது.

"அக்கா, ஈ த்ரீன்னா கதவு சரியா மூடலைன்னு அர்த்தமாம்."

"மூடித்தானே இருக்கு?"

இரண்டும் குனிந்து பார்த்தன. கதவு மூடித்தான் இருந்தது, கிட்டத்தட்ட. ஒரு மயிரிழை இடைவெளியை யார் கண்டார்கள்?

"மெஷின் பொய் சொல்லுது அக்கா," என்றது குரங்கு. பிறகு கதவைத் திறந்து மூக்கை நீட்டியது. "இந்த ஓட்டையில என்னமோ அடைச்ச மாதிரி இருக்கே. வழிச்சு எடுத்துரவா?"

செவந்தி குரங்கின் கையைத் தட்டிவிட்டது.

"ஐயையோ! பூஜையில வச்ச சந்தனம்டா அது! அதுவா உதிர்ற வரைக்கும் தொடக் கூடாது. குடும்பத்துக்கு ஆகாது."

குரங்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. போன வருஷத்துப் பொட்டே ஃபிரிட்ஜில் காய்ந்து கிடக்கும் வீட்டுக்காரர்கள் யாரும் இந்த இடத்தில் சிரிக்க வேண்டாம்.

அடுத்து வாடிக்கையாளர் சேவை மையம். அது ஓர் ஆலமரம். கிளையில் ஒரு கிளி உட்கார்ந்திருக்கும்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தமிழில் தொடர மரத்தை ஒருமுறை முட்டவும்."

செவந்தி முட்டியது.

"மன்னிக்கவும். நீங்கள் சரியாக முட்டவில்லை."

செவந்தி மண்டை கலங்க முட்டியது.

"ஈ த்ரீ காட்டுதும்மா. சீக்கிரம் சொல்லு, எசமான் பசியில இருக்காரு!"

"உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். கதவை மூடினீர்களா?"

"மூடினேன்."

"திறந்து மூடினீர்களா?"

"திறந்து மூடினேன்!"

"மிக்க நன்றி. எங்கள் டெக்னீஷியன் நான்கு மணிக்குள் வருவார். எந்த நான்கு மணி என்பது அவருடைய வசதியைப் பொறுத்தது."

செவந்தி மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதது. முயலின் நினைவு வந்தது. முயலுக்காவது மறதி, தன்மேல் எந்தத் தப்பும் இல்லையே என்று நினைக்க நினைக்க அழுகை அதிகமானது. ஆனால் அழுதால் உடம்பு இன்னும் சூடாகும் என்று தோன்றியதும் சட்டென்று நிறுத்திக்கொண்டது.

நல்லவேளை, அது குகை வாசலுக்குத் திரும்பியதுமே டெக்னீஷியன் வந்துவிட்டார். தோளில் பை, தலையில் கம்பெனித் தொப்பி. நரிதான், வேறு யார்?

நரி வந்து நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி யார் கை வச்சது?"

"யாரும் வைக்கலீங்க. குரங்குத் தம்பி லேசா அடிச்சுப் பார்த்துச்சு."

"அதான் பார்த்தேன்." நரி உதட்டைப் பிதுக்கியது. கதவைத் திறந்தது. ஒரு ஓட்டையில் சந்தனத்தைக் கண்டதும் பக்தியோடு நகத்தால் கொஞ்சம் சுரண்டி, தன் நெற்றியில் இட்டுக்கொண்டது. பையைத் திறக்கவே இல்லை.

"போர்டு போயிருச்சு மேடம். ஸ்டாக் இல்ல. வியாழக்கிழமை வரும்."

"வியாழக்கிழமையா? இன்னிக்கு மதியச் சாப்பாடுங்க!"

நரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இந்த நாட்டில் எல்லாப் பழுதுக்கும் சொல்லப்படும் அந்த ஒரே மந்திரத்தைச் சொன்னது.

"அதுவரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம்."

குகைக்குள் உறுமல் கேட்டது. புலி வாசலுக்கு வந்தது. ஆறிய சாதத்தைப் பார்த்தது. செவந்தியைப் பார்த்தது. செவந்தி ஓரடி பின்வாங்கியது. ஆனாலும் வாய் மட்டும் எப்படியோ வேலை செய்தது.

"எசமான், கம்பெனியில இருந்து வந்திருக்காங்க. வியாழக்கிழமை வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்றாங்க. ஐயா, நீங்களே எசமான்கிட்ட கிட்டப் போய்ச் சொல்லுங்களேன்."

நரி புன்னகையோடு இரண்டடி முன்னால் போனது.

புலி அட்ஜஸ்ட் செய்துகொண்டது.

தொப்பி மட்டும் மிஞ்சியது. புலி வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தது. சற்று நேரத்தில் கிளி பறந்து வந்து குகைமேல் உட்கார்ந்தது.

"வணக்கம். எங்கள் டெக்னீஷியனின் சேவை உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா? ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?"

உள்ளேயிருந்து ஏப்பத்தோடு பதில் வந்தது. "நாலு. உப்பு கம்மி. ஆனா நல்ல சூடு, சந்தன வாசனை வேற."

செவந்திக்கு உயிர் திரும்பி வந்தது. சாமிதான் காப்பாற்றியது என்று உருகிப்போய், நரி சுரண்டியது போலவே தானும் இரண்டு ஓட்டைகளிலிருந்தும் மிச்சச் சந்தனத்தை வழித்து நெற்றியில் அப்பிக்கொண்டது. பிறகு பழக்கதோஷத்தில் கதவை மூடியது.

'டக்.'

E3 மறைந்தது. அதே பழக்கத்தில் பட்டனையும் அழுத்த, தட்டு சுற்றத் தொடங்கியது. சாம்பார் சாதத்தின் வாசனை மெல்ல எழுந்தது.

செவந்தி அசையாமல் நின்றது. குளம்பில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தது. ஓட்டையைப் பார்த்தது. குகையைப் பார்த்தது. மதியத்திலிருந்து பட்ட பாடெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கூடவே வேறொன்றும் புரிந்தது.

"என்ன புள்ள சத்தம்? ரிப்பேர் ஆயிருச்சா?" என்றது புலி.

செவந்தி சட்டென்று கதவைத் திறந்தது. நெற்றிச் சந்தனத்தை வழித்து, இரண்டு ஓட்டையிலும் பழையபடி அப்பி, கட்டைவிரல் இல்லாத குறைக்குக் குளம்பால் நன்றாக அழுத்தியது.

"இல்லீங்க எசமான். இன்னும் ஈ த்ரீதான். வியாழக்கிழமை வேற டெக்னீஷியன் வருவாராம்."

"சரி சரி. வியாழக்கிழமை வரைக்கும் இது தாங்கும். இந்தத் தடவை கொஞ்சம் இளசாப் பார்த்து அனுப்பச் சொல்லு."

நீதி: நன்றாக ஓடுகிற மெஷின் என்றாவது ஒருநாள் நிற்கும், அன்று அதன் பக்கத்தில் நீதான் நிற்பாய். ஆகவே கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால், பயபக்தியோடு அதன்மேல் இன்னும் கொஞ்சம் சந்தனம் வை.